சேம அச்சு

பாரம் ஏற்றிய வண்டிக்கு எது முக்கியம் என்று கேட்டால், மாடு என்று சிலர் சொல்வார்கள். சக்கரம் என்று சிலர் சொல்வார்கள். பழைய காலத்து உப்பு வணிகர்களைக் கேட்டிருந்தால், யோசிக்காமல் அச்சு என்று சொல்லியிருப்பார்கள். கடலோரத்தில் உப்பை ஏற்றிக்கொண்டு, மேடும் பள்ளமுமான வழியில் உள்நாட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள். நடுவழியில் அச்சு முறிந்தால் தச்சனும் கிடைக்கமாட்டான், கொல்லனும் கிடைக்கமாட்டான். ஆகவே வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டுதான் புறப்படுவார்கள். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர்.

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் இந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அவர் உப்பு வணிகரின் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். ஓர் அரசகுமாரனைப் புகழ்வதற்கு யானை இருக்கிறது, புலி இருக்கிறது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, வண்டிக்கு அடியில் புழுதி படிந்து தொங்கும் ஒரு மரத்துண்டை எடுத்துக்கொண்ட அந்த அம்மையாரின் துணிச்சலை என்னவென்று சொல்வது! ஆபத்து வருகிற வரையில் அது யார் கண்ணிலும் படாது. வந்துவிட்டால் அதைத் தவிர வேறு கதி கிடையாது.

சங்கப் பாட்டில் ஆரம்பித்தவன் அடுத்தபடியாகக் காயலான் கடைக்குப் போகிறேன் என்றால் வாசகர்கள் முகம் சுளிக்கக் கூடாது. இந்தப் பாட்டின் பொருள் எனக்கு நன்றாக விளங்கியது அப்படிப்பட்ட ஒரு கடையில்தான்.

புதுச்சேரியில் சாரம் என்ற பேட்டை உழவர்கரைப் பக்கத்தைச் சேர்ந்தது. கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுக்காரத் தெருக்களைப் பார்க்க வருகிற உல்லாசப் பிரயாணிகள் காமராஜர் சாலையில் சாரத்தைத் தாண்டிப் போவார்களே தவிர, அங்கே இறங்கமாட்டார்கள். இறங்கிப் பார்க்கும்படியாக அங்கே மஞ்சள் சுவர் வீடுகளும் இல்லை, காகிதப்பூக் கொடிகளும் இல்லை. ஆனால் பழைய இரும்பு என்று ஒன்று உண்டு. பழைய இரும்பில் சரித்திரம் இருப்பதுபோலச் சுவர்களில் கூட இருப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பாகூர்ப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நன்செய் உண்டு. ஒரு பழைய ஜீப்பும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அது நாலு சக்கரங்களும் இழுக்கிற வண்டியாகத்தான் வந்தது. இடையில் யாரோ ஒரு சொந்தக்காரர், பராமரிப்புச் செலவுக்குப் பயந்து, முன்பக்கத்து அச்சைக் கழற்றி விற்றுவிட்டு, இழுக்கும் சக்தியில்லாத வெறும் அச்சு ஒன்றை மாட்டிவிட்டார். தார் ரோட்டில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெங்கல் புயலின்போது, ஒரே நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாமல் மழை கொட்டியதே, அப்போதுதான் தெரிந்தது. வரப்போரத்துச் சேற்றில் வண்டியின் பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுழன்று குழி பறித்தனவாம். முன்சக்கரங்கள், கல்யாண வீட்டில் வேலை செய்யாத சம்பந்தி மாதிரி, சும்மா பார்த்துக்கொண்டிருந்தனவாம்.

“இதுக்கு மறுபடியும் பழைய மாதிரி முன் ஆக்ஸில் போட்டுடணும், மேஸ்திரி” என்றார் ஆசிரியர். மேஸ்திரி சம்மதித்தார். ஆசிரியரின் மகனும் புறப்பட்டான். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

கடைக்கார பாய் இரண்டு முன் அச்சுகளைக் காட்டினார். ஒன்று துப்புரவாகப் பச்சை வர்ணம் பூசிய அச்சு. பார்த்தால் நேற்றுச் செய்ததுபோல் இருந்தது. மற்றொன்று ஒரு லாரிக் கதவின் கீழே துருப்பிடித்துக் கிடந்தது. பையன் பச்சை அச்சின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். பெண் பார்க்கப் போகிற இடத்தில் நிறத்தைப் பார்க்கிற வயசுதானே!

மேஸ்திரி நிறத்தைப் பார்க்கவில்லை. முதலில் ஒரு நூலை எடுத்து அச்சுக் குழாயின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பிடித்து, எங்கேயாவது வளைந்திருக்கிறதா என்று பார்த்தார். ஸ்பிரிங் பட்டை உட்காரும் இரண்டு இடங்களுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளந்தார். பற்சக்கரங்கள் அடங்கிய உருண்டை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது, வண்டியின் டிரான்ஸ்பர் கேஸிலிருந்து வரும் தண்டு அதற்கு நேராக இருக்குமா என்று கணக்குப் போட்டார். பழைய பற்றுவைப்பு உள்ள இடங்களைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டார். பிறகு சக்கரம் மாட்டும் பக்கத்தைக் கழற்றி, உள்ளேயிருந்த தண்டை வெளியே இழுத்தார்.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு சிறு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பின் அச்சு செய்வது சுலபம். அது மாட்டுவண்டி அச்சின் தம்பி. சக்கரத்தைச் சுழற்றினால் போதும். முன் அச்சின் பாடு அப்படியல்ல. அதன் சக்கரம் சுழலவும் வேண்டும்; ஓட்டுகிறவர் வளைத்த பக்கமெல்லாம் திரும்பவும் வேண்டும். வளைந்த முழங்கைக்கு அப்பாலுள்ள மணிக்கட்டை, தோளிலிருந்து முறுக்கிச் சுழற்றுவது போன்ற காரியம் அது. பதினேழாம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி எழுதிவைத்த சிலுவை மூட்டு ஒன்று உண்டு. ஆனால் அதில் ஒரு கோளாறு. இந்தப் பக்கம் ஒரே சீராகச் சுழற்றினாலும், மூட்டு வளைந்திருக்கும்போது அந்தப் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் ஏறி, இரண்டு தடவை இறங்கும். திருப்பத்தில் சக்கரம் விக்கல் எடுக்கும். ஸ்டியரிங் கையை உதறும். நாலு சக்கர வண்டியின் சரித்திரம் என்பது பெரும்பாலும் இந்த விக்கலை நிறுத்தப் பாடுபட்டவர்களின் சரித்திரம்தான்.

அவர்களில் ஒருவர் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாகாணத்துக் கிளின்டன்வில் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த ஆட்டோ ஸாக்கோ. 1908இல் அவர் முன்சக்கரம் இழுக்கவும் திரும்பவும் கூடிய ஒரு மூட்டுக்குப் பேட்டன்ட் வாங்கினார். மைத்துனர் வில்லியம் பெஸர்டிக்குடன் சேர்ந்து அவர் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்த கம்பெனியின் லாரிகள் முதல் உலக யுத்தத்தின் சேற்றில் ஆயிரக்கணக்கில் ஓடின. பிற்பாடு ஃபோர்டு கம்பெனியின் எஞ்சினியர் ஆல்பிரட் ரெஸெப்பா ஆறு உருண்டைகளை வைத்து, வேகம் மாறாத மூட்டு ஒன்றைச் செய்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1926இல், பிரான்ஸில் ழான்-ஆல்பேர் கிரேகுவார், பியேர் ஃபெனாய் என்ற இரண்டு நண்பர்கள் வேறொரு வழி கண்டார்கள். அவர்களுடைய மூட்டில் உருண்டையே கிடையாது. இரண்டு கவைகள், அவற்றுக்கு நடுவில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு வழுக்கும் இரண்டு துண்டுகள், அவ்வளவுதான். ‘டிராக்டா’ என்று அதற்குப் பெயர் வைத்து, அதே பெயரில் முன்சக்கரம் இழுக்கிற கார்களைச் செய்தார்கள். 1927இல் அந்தக் காரை லே மான் பந்தயத்திலும் ஓட்டினார்கள். உருண்டையைக் கடைந்து எடுக்கிற நுட்பமான வேலை இல்லாததால், ஏராளமாகச் செய்து தள்ளுவதற்கு அது வசதியாக இருந்தது. இரண்டாவது உலக யுத்தம் வந்ததும் அந்த வசதிக்கு மதிப்பு ஏறியது. அமெரிக்க ராணுவ ஜீப்களின் முன் அச்சுகளில் ரெஸெப்பா மூட்டும் உண்டு, பென்டிக்ஸ் மூட்டும் உண்டு, கிரேகுவாரின் டிராக்டா மூட்டும் உண்டு. அவசரத்தில் எது கிடைத்ததோ அதை மாட்டி அனுப்பினார்கள்.

மேஸ்திரி இழுத்த தண்டின் நுனியில் என்ன இருந்தது என்று இப்போது சொல்லிவிடலாம்.

“என்னங்கய்யா இது, இதுல பால்ஸே இல்லையே! ரெண்டு கவட்டையும் ரெண்டு கட்டையுமா இருக்குது” என்றார் அவர்.

பாரிஸுக்குப் பக்கத்தில் பிறந்த யோசனை, அமெரிக்க ஜீப்பில் ஏறி, யுத்தத்தைப் பார்த்துவிட்டு, சாரத்துக் காயலான் கடையில் வந்து படுத்திருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் விடைபெற்றுக்கொண்டார்கள். சிலைகள், தெருப்பெயர்கள், சில சமையல்கள் இங்கே தங்கிவிட்டன என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஒரு மூட்டும் தங்கியிருக்கிறது என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

ஜீப்பின் கதையிலேயே இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 1940 செப்டம்பரில், புதுச்சேரி கவர்னர் போன்வென் ஹிட்லரிடம் பணிந்த அரசாங்கத்தை உதறிவிட்டு தெ கோல் பக்கம் சேர்ந்தார். அதே மாதத்தில்தான் அமெரிக்காவில் முதல் ஜீப் பிறந்தது. பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில், நொடித்துப்போகும் நிலையிலிருந்த பான்டம் என்ற சின்ன கார் கம்பெனிக்கு ராணுவம் 49 நாள் கெடு கொடுத்தது. கார்ல் பிராப்ஸ்ட் என்ற எஞ்சினியர் வந்து, இரண்டே நாளில் வரைபடம் போட்டார். வரைபடம் சரி; அச்சுக்கு எங்கே போவது? புதிதாகச் செய்ய நாள் இல்லை. ஆகவே ஸ்டூடிபேக்கர் சாம்பியன் என்ற ஊர்ப்பயணக் காரின் அச்சையே எடுத்து, ஸ்பைசர் கம்பெனியார் அதை ஜீப்புக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தார்கள். செப்டம்பர் 23ஆம் தேதி மாலை, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, வண்டி ராணுவ முகாமின் வாசலில் நுழைந்தது.

உலகத்தையே சுற்றிய ஜீப், முதன்முதலில் ஓடியதே வேறொரு வண்டியின் அச்சைத் திருத்தித்தான்! ஒரு வண்டியின் அச்சை இன்னொரு வண்டிக்கு மாற்றுவதை ஏதோ ஏழைகளின் ஒட்டுவேலை என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

பிறகு நடந்தது உலக வழக்கம். பான்டத்தின் வரைபடங்களை ராணுவம் வில்லிஸ், ஃபோர்டு என்ற பெரிய கம்பெனிகளுக்குக் கொடுத்தது. அவர்கள் இருவரும் ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப்களைச் செய்து குவித்தார்கள். பான்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு. பிறகு அந்தக் கம்பெனி ஜீப்பின் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர்களைச் செய்துகொண்டிருந்தது. ஜீப்பைத் தாங்களே உருவாக்கியதாக வில்லிஸ் கம்பெனியார் விளம்பரம் செய்யக் கூடாது என்று அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 1948இல் தீர்ப்புச் சொல்லிற்று. ஆனால் அதற்குள் பெயர் முகப்பில் ஏறிவிட்டது. பெயர் முகப்பில் இருக்கும். பாரம் அச்சில் இருக்கும்.

நம் நாட்டிலும் அப்படியே. 1945இல் மகிந்திரா அண்டு முகமது என்ற பெயரில் ஆரம்பித்த கம்பெனி, இந்தியாவில் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. தேசப் பிரிவினையில் பங்காளி குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அங்கே முதல் நிதி மந்திரியானார். 1951இல் கவர்னர் ஜெனரலுமானார். 1948இல் கம்பெனியின் பெயர் மகிந்திரா அண்டு மகிந்திரா என்று மாறியது. பெயர்ப்பலகையில் ஒரு தேசமே இரண்டாகப் பிரிந்தது. வண்டியின் அடியில் அச்சு அதே அச்சுதான். அதே 1948இல், லண்டனிலிருந்த இந்திய ஹை கமிஷனர் கிருஷ்ண மேனன் ராணுவத்துக்காகப் பழைய ஜீப்களைப் புதுப்பித்து வாங்க ஏற்பாடு செய்தார். பெரும் பணம் முன்னதாகவே கொடுக்கப்பட்டது. வந்து சேர்ந்த 155 வண்டிகளும் ராணுவத்துக்கு உதவாதவை என்று தெரிந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் விவகாரமாகப் பேசப்பட்டது அதுதான். பழைய சாமானை அடியில் குனிந்து பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது என்ற பாடத்தை நம் குடியரசு, குடியரசாவதற்கு முன்பே படித்துவிட்டது.

சாரத்து மேஸ்திரி இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு, “அதெல்லாம் சரிங்கய்யா, பல்லு எத்தனைன்னு பாப்போம்” என்று அச்சின் நடுவிலிருந்த மூடியைக் கழற்றினார்.

பெரிய பற்சக்கரத்தின் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒவ்வொன்றாக எண்ணினார். 39 பல். அதைச் சுழற்றுகிற சிறிய பினியனில் 8 பல். ஆசிரியரின் வண்டியில் பின் அச்சைப் புறப்படுவதற்கு முன்பே எண்ணிவைத்திருந்தார். அங்கே பெரியதில் 43, சிறியதில் 8.

“இது ஆகாது” என்றார்.

பையனுக்கு முகம் வாடிவிட்டது. “என்னண்ணே, நாலு பல்லுதானே வித்தியாசம்? பாய் வேற விலையைக் குறைச்சுத் தர்றேங்கிறாரு.”

மேஸ்திரி தரையில் உட்கார்ந்து விளக்கினார். டிரான்ஸ்பர் கேஸிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வேகத்தில்தான் தண்டு சுழலும். இந்த அச்சைப் போட்டால், பின்சக்கரம் 39 சுற்று சுற்றுகிற நேரத்தில் முன்சக்கரம் 43 சுற்று சுற்றப் பார்க்கும். சேற்றில் வழுக்கிக்கொண்டு போகிறவரையில் ஒன்றும் தெரியாது. கெட்டித் தரையில் ஏறியதும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கிக்கொள்ளும். டயர் தேயும், ஸ்டியரிங் பிடிவாதம் பண்ணும், ஒரு நாள் பல்லோ தண்டோ முறியும்.

“வயல்ல முறிஞ்சா இழுத்துட்டு வரலாம், தம்பி. அப்பாவை உக்கார வச்சுட்டு ரோட்டுல வரும்போது முறிஞ்சா?”

“பல்சக்கரத்தை மட்டும் மாத்திட்டா?”

“கிரவுனும் பினியனும் புருஷன் பொண்டாட்டி மாதிரி. ஜோடியாத் தேடணும், ஜோடியா உக்கார வைக்கணும். அந்தச் செலவுக்கு அதோ, அந்தத் துருப்புடிச்சதையே பாத்துடலாம்.”

நாலு பல் வித்தியாசம் தற்செயலாக வந்ததல்ல. ராணுவ ஜீப்புக்கு 39க்கு 8 என்று வைத்தார்கள். அது ரோட்டில் விரைந்து போக வேண்டிய வண்டி. யுத்தம் முடிகிற தறுவாயில், 1945இல், வில்லிஸ் கம்பெனி குடியானவர்களுக்காக ஒரு ஜீப்பைச் செய்தது. கலப்பையை இழுக்க வேண்டும், பாரம் சுமக்க வேண்டும், மெதுவாகப் போனாலும் நிற்காமல் போக வேண்டும். அதற்காகவே 43க்கு 8 என்று மாற்றினார்கள். யுத்தத்துக்கு 39, உழவுக்கு 43. வாளை அடித்துக் கலப்பையாக்குவது என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். எஞ்சினியர்கள் அதை நாலே பல்லில் செய்துவிட்டார்கள். ஆசிரியரின் வண்டி உழவர் வம்சம். பச்சை வர்ண அச்சு யுத்த வம்சம். ஜாதகம் பொருந்தவில்லை.

பிறகு லாரிக் கதவைத் தூக்கினார்கள். துருப்பிடித்த அச்சு கனத்தது. நாலு பேர் வேண்டியிருந்தது. நூல் பிடித்ததில் வளைவு இல்லை. கிங் பின் பேரிங்குகள் போய்விட்டன. அவை புதிதாகக் கிடைக்கும். எண்ணெய்ச் சீல்கள் பொடியாக உதிர்ந்தன, அவையும் கிடைக்கும். மூடியைத் திறந்தால், உள்ளே பழைய எண்ணெய் கறுத்துத் தார்போல் உறைந்திருந்தது. வெளியே துருப்பிடித்ததன் உள்ளே, அந்த எண்ணெயின் புண்ணியத்தில், பற்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. மேஸ்திரி எண்ணினார்; பையன் கூடவே எண்ணினான். 43.

“இத எடுத்துக்குங்க, ஐயா” என்றார் மேஸ்திரி. ஆசிரியர் பச்சை அச்சுக்குச் சொன்னதைவிட அதிகமான விலையை, பேரம் பேசாமல் கொடுத்தார். தமிழாசிரியர் காயலான் கடையில் பேரம் பேசாமலிருப்பது என்பது சரித்திரத்தில் எழுதவேண்டிய சம்பவம்.

இப்படி அச்சு மாற்றுவதைச் சட்டம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கிற வாசகர்கள் இருப்பார்கள்; கேட்கத்தான் வேண்டும். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்திச் சொல்லிற்று. மனம்போனபடி பெரிய அச்சும் ராட்சச டயரும் மாட்டிக்கொண்டு தெருவில் வருவதற்கு இடமில்லை. அது நியாயந்தான். ஆனால் எங்கள் ஆசிரியர் மாற்றவில்லை. இடையில் ஒருவர் மாற்றியதை, தொழிற்சாலை கொடுத்தபடியே திருப்பி வைத்தார். அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றியதும் அந்த 43 பல்தான்.

என் கவலை வேறு. சர்க்கார் அலுவலகங்களில் பதினைந்து வருஷத்தைத் தாண்டிய வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உடைப்புக்குப் போகின்றன. புகையைப் பற்றியும் விபத்தைப் பற்றியும் கவலைப்படுகிறவர்கள் செய்த ஏற்பாடு அது, தப்பென்று சொல்லமாட்டேன். கலெக்டர் ஜீப், பஞ்சாயத்து யூனியன் ஜீப், குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசார ஜீப் என்று நம் ஊர்ப் புழுதியில் வளர்ந்த ஒரு தலைமுறையே அப்படித்தான் போகிறது. வண்டி போகட்டும். ஆனால் அதன் அச்சைத் தட்டிப் பார்த்து ஓசை கேட்கிற காது, பல்லை எண்ணிப் பார்த்து ‘ஆகாது’ என்று சொல்கிற வாய், இவற்றையும் சேர்த்துத் தராசில் போட்டுவிட்டால், அப்புறம் எந்தச் சேற்றில் சிக்கினாலும் நமக்குத் துணை இருக்காது. உப்பு வணிகன் கட்டிக்கொண்டு போனது மரத்துண்டை மட்டுமல்ல. அதை மாட்டத் தெரிந்த கையையும் கூடவே அழைத்துக்கொண்டு போனான்.

புறப்படும்போது, “இந்தப் பச்சை அச்சை என்ன பண்ணுவீங்க, பாய்? எடைக்குப் போட்டுடுவீங்களா?” என்று கேட்டேன்.

“எடைக்குப் போட்டா இன்னிக்கே காசுதான்” என்றார் பாய். “இருக்கட்டும், சார். முப்பத்தொம்பது பல்லு வண்டிக்காரன் ஒருத்தன் எங்கேயாவது இதைத் தேடிக்கிட்டு இருப்பான்.”

மேஸ்திரி அங்கே கிடந்த வெள்ளைப் பெயின்ட் டப்பாவில் ஒரு குச்சியை நனைத்தார். அந்த அச்சின் மேல், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி, பெரிதாக எழுதினார்: 39 – 8.